இடியன் துவக்கில் ஒரு வெடி

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
கார்த்திகை மாதம்

அன்பின் அருளம்பலம் அண்ணைக்கு,

தங்கை நிரஞ்சனி எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க நல்லூரான் துணை. உங்கள் முழங்கால் நோவுக்குப் பூசும் மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

இவர் மான் வேட்டைக்குப் போன கதையை எடுத்தாலே நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். "துவக்குக்குப் பயந்து ஓடினவருக்கு இப்ப துவக்குக் கேக்குதோ? இனி என்னோடை கதைக்க வேண்டாமெண்டு சொல்லு" என்று போன கிழமை நீங்கள் சொன்னதைப் உங்கள் மச்சான் பிருந்தனும் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டார். அதன்பிறகு மனிசன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அதுதான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் பேந்து எடுத்துப் பார்ப்பீர்கள்.

எனக்கும் முதலில் உங்களைவிடக் கோபம். கந்தசட்டி விரத நாட்களில் மான் சுடப் போவதா! வேலையிடத்து றெஜான் என்ற கியூபெக்காரர்தான் இவரை இதில் இழுத்துவிட்டவர். வன்னியில் வைத்திருந்தார்களே இடியன் துவக்கு, குழல் வாயால் மருந்தும் குண்டும் போட்டு இடிப்பது, அந்த வகைதான் இவருடைய துவக்கும். கிடைப்பது ஒரே வெடி. மறுபடி இடித்து முடிப்பதற்குள் மான் போய்விடும்.

அந்த ஒரு வெடிக்கு இவர் பட்ட பாடு! என் சாப்பாட்டுக் கோப்பையைக் கடதாசியில் கவிழ்த்து வட்டம் கீறினார். மானின் இருதயமும் சுவாசப்பையும் அவ்வளவுதானாம். பயிற்சி இடத்தில் குண்டு குண்டாக மாற்றிச் சுட்டுப் பார்த்தார். கடைக்காரர் புகழ்ந்த, பிளாஸ்டிக் உறை போட்ட இலேசான குண்டு வேகமாய்ப் போனாலும், இவருடைய துவக்கில் வட்டத்துக்கு வெளியே சிதறியது. பாரமான ஈயக்குண்டுதான் சொல்வழி கேட்டது. அதையே எடுத்தார். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் பட வேண்டும். நேரே முகம் காட்டினாலும் முதுகு காட்டினாலும் சுடக்கூடாது. "காயத்தோடை ஓட விடக்கூடாது நிரஞ்சனி" என்று அதையே ஓதிக்கொண்டிருந்தார். ஏன் என்று உங்களுக்குத் தெரியாததா, அண்ணை?

என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று நானும் விரதத்தோடு இவருடனும் றெஜானுடனும் போனேன். லொங்குய்ய் தாண்டி அமெரிக்க எல்லைப் பக்கக் காடு. விடிந்து சற்று நேரத்தில் வந்தது. பெரிய கொம்பன். அப்படியொரு அழகை என் வாழ்நாளில் கண்டதில்லை. மூச்சு ஆவியாய்ப் பறக்க எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. விரதக்காரி நானே மனதுக்குள் சுடுங்கோ, சுடுங்கோ என்றேன். இவர் அசையவில்லை. அது திரும்பிப் பக்கவாட்டில் நின்ற பிறகுதான் வெடித்தது. புகை கலைந்தபோது மான் நாலெட்டில் விழுந்து கிடந்தது.

இவர் நொண்டி நொண்டி ஓடினார். உயிர் போய்விட்டது. தெரிந்தும், போத்தலைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி அதன் வாயில் தண்ணீர் விட்டார். றெஜான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிசனை அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி இருந்தது.

அப்படித் தண்ணீர் விட இவருக்கு யார் காட்டிக்கொடுத்தது? சண்டைக்காலத்தில் செல்லடிபட்ட இவரைச் சைக்கிளில் கட்டி ஏற்றி, மரத்தடிக்கு மரத்தடி நிறுத்தி, உள்ளங்கையால் பருக்கிக் கொண்டுபோனது நீங்கள்தானே. அந்தச் செல் துண்டு இன்னும் தொடைக்குள் இருக்கிறது. குளிர் தொடங்கினால் நோகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை இவரே போன் எடுப்பார். ஏசுங்கோ, வாங்கிக்கொள்வார். வைத்துவிட மட்டும் வேண்டாம், அண்ணை.

உங்கள் அன்புத் தங்கை,
நிரஞ்சனி