லாசர் இல்லாத படம்

பெப்ரவரி 8, 2009
கன்வஸில் முதல் பூச்சு. கறுப்பு. செத்து நாலாம் நாள் யேசு உயிரோடு எழுப்பிய லாசரின் கல்லறை வாசல். ஈஸ்டருக்குள் முடித்தால் தமிழ்ப் பூசை மண்டபத்தில் மாட்டலாம் என்கிறார் பாதர்.
அம்மா எட்டிப் பார்த்தா. "இதென்ன, பீட்சாக் கடை அடுப்போ?"
சண்டை நடக்கும் வன்னியிலிருந்து தம்பியின் அழைப்பு ஜனவரியோடு நின்றது. அதற்குப் பிறகு அம்மா விட்ட முதல் பகிடி.

பெப்ரவரி 15
ஏன் லாசர்? மன்னாரில், கோயில் நாடகத்தில், தம்பிதான் லாசர். அம்மாவின் வெள்ளைச் சேலையால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கால் பிரிக்க முடியாமல் தத்தித் தத்தி வெளியே வந்தான். சனம் சிரித்தது. அவனும் சிரித்தான்.
அந்தச் சிரிப்பைத்தான் வரைய வேண்டும்.

மார்ச் 3
சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22
பூசையில் வாசிக்க அம்மா கொடுக்கும் மன்றாட்டு ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றுதான்: தம்பி நிஷாந்தின் சுகத்துக்காக. பாதர் வாசிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறா.
பைபிளில், லாசர் வருத்தமாய்ப் படுத்திருக்கிறான் என்று அவன் சகோதரிகள் யேசுவுக்கு ஆளனுப்புகிறார்கள். யேசு உடனே புறப்படவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்ததில்லை.

ஏப்ரல் 12
ஈஸ்டர். படம் மண்டபத்துக்குப் போகவில்லை. தள்ளிவைத்த கல். திறந்த வாசல். முதுகு காட்டி நிற்கும் இரண்டு பெண்கள். அவ்வளவுதான்.
"லாசர் எங்கை? ஆண்டவர் எங்கை, பிள்ளை?"
"ரண்டு பேரும் இன்னும் வரேல்லையம்மா."
தேத்தண்ணி போட எழும்பிப் போனா.

மே 19
சண்டை எல்லாம் முடிஞ்சுதாம். தம்பி எங்கை? முகாமில இருப்பானோ? ஆரைக் கேக்கிறது —

ஜூலை 11
முகாமிலிருந்து ஊரவர் ஒருவர் போனில் கதைத்தார். ஏப்ரலில் அவனைக் கடற்கரையில் கண்டவராம். பிறகு காணவில்லையாம்.
'கண்டவராம்' என்பதை மட்டும் அம்மா நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தா.

செப்டெம்பர் 6
தம்பிக்கு முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறியிருக்கும். இடமா, வலமா? மறந்துபோச்சு. அம்மாவைக் கேட்கப் பயம். கேட்டால், இனி அவனைப் பார்க்கப்போவதில்லை என்று நானே சொன்னதாகிவிடும்.

நவம்பர் 2
சகல ஆத்துமாக்களின் திருநாள். அப்டன் பார்க்கிலிருந்து பஸ்ஸில் பூசைக்குப் போனோம். மடித்த தாள் ஒன்றை அம்மா பாதரிடம் கொடுத்தா.
பாதர் இறந்தோரின் பெயர்களை வாசித்தார். அப்பா யேசுரட்ணத்தின் பெயர். அதற்கடுத்து, நிஷாந்த்.
அம்மா என் கையைப் பிடிக்கவில்லை.
வீட்டுக்கு வந்து கோட்டும் கழற்றாமல் படத்துக்கு முன்னால் நின்றா.
"கல்லை மூடிவிடு, பிள்ளை. அவனுக்குக் குளிரும்."
சாம்பல் நிறம் குழைத்தேன். மூட முன் கேட்டேன், அந்தப் பல் எந்தப் பக்கம் என்று.
"இடப் பக்கம்."
வாசலின் கறுப்புக்குள் சின்னதாய் ஒரு வெள்ளை வைத்தேன். காயும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு கல்லை வரைந்தேன்.