உனக்கு மட்டும் திறந்த கதவு

அன்புத் தம்பி தணிகாசலத்துக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, பொறுத்துக்கொள். ஒரு எழுத்து பானை அளவு, அடுத்தது கடுகு அளவு. வரி நேராகவே நிற்க மாட்டேன் என்கிறது. இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டவன் வேறு எப்படி எழுதுவான்? ஆனாலும் எனக்கு ஏற்பட்டிருக்கும் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. உன் பெயரை நானே எழுதிவிட்டேன், பார்த்தாயா?

உனக்கு ஒரு சேதி. ஈர உப்பில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, நானும் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தேன். உப்பு லாரியில் கால் நசுங்கியபோது உனக்குப் போட்டார்களே, அதே வலி ஊசியை எனக்கும் போட்டார்கள்.

அன்று ஊசி ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

"அண்ணே, கதவைத் தொறந்துட்டாங்க."

எந்தக் கதவு என்று கேட்டேன். சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கால் ஆறிய பிறகும் அந்த ஊசியைத் தேடிப் பாண்டிச்சேரியெல்லாம் அலைந்தாய். கடைசியில் அதிலேயே போய்ச் சேர்ந்தாய்.

எனக்கும் ஒரு கதவு திறக்கும் என்று காத்திருந்தேன். வலி குறைந்தது, வாந்தி வந்தது, மூக்கு அரித்தது. அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த பெருமுக்கல் ஊர்க்காரர் ஒருவர். அவருக்கும் அதே ஊசி. சற்று நேரத்தில், கண்ணை மூடியபடியே முணுமுணுத்தார்: "கதவைத் தொறந்துட்டாங்க." குரல் உன்னுடையது இல்லை. சிரிப்பு உன்னுடையது, தம்பி.

அவர் தெளிந்ததும் கேட்டேன். "ஏம்பா, எந்தக் கதவு?"

"அப்படியா சொன்னேன்? தெரியலையேங்க. சின்னப் புள்ளையில எங்க சித்தி என்னை அடிச்சு மோட்டார் கொட்டாயில போட்டுப் பூட்டிடும். அந்தக் கதவா இருக்குமோ என்னவோ."

அம்மா படுக்கையில் விழுந்த வருடம் உன்னை மட்டும்தானே தூரத்து உறவு மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள்? அவர் உன்னை அடித்து, உப்புக் கிடங்கில் போட்டுப் பூட்டுவாராம். காயத்தோடு உப்பின்மேல் கிடப்பாயாம். நான் அம்மா பக்கத்திலேயே வளர்ந்தேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு ஒரே மருந்து இரண்டு விதமாகவா வேலை செய்யும்?

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது பெரியவரே. ஆனா சின்ன வயசுல ரொம்ப கஷ்டப்பட்டவங்க சில பேருக்கு, இந்த மருந்து வலியை எடுக்கறதோட நிக்கிறதில்ல, மனசையும் பிடிச்சு இழுத்துக்கும். அவங்களை இன்னும் ஜாக்கிரதையா பார்த்துக்கணும்" என்றார்.

உன் மகள் வள்ளி இத்தனை வருடமாக உன் போட்டோவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டிருந்தாள். "என்னைவிட ஊசிதானே பெரியப்பா அவருக்குப் பெருசாப் போச்சு?" என்பாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தாள். பிறகு, "அந்தக் கிடங்குக் கதவு இன்னும் இருக்குதா?" என்றாள்.

இருக்கிறது. கடல் ஊருக்குள் வந்த அன்று கிடங்கின் சுவர்களெல்லாம் போய்விட்டன. நிலையும் கதவும் மட்டும் வெட்டவெளியில் நிற்கின்றன, தாழ்ப்பாள் போட்டபடியே. காற்றில்லாத மதியத்திலும் உள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்று உப்பு வாருகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. உள்ளே என்று ஒன்றுமே இல்லாத இடத்தில் யார் தட்டுவது?

வள்ளி போனாள். ஊன்றுகோலோடு நானும் பின்னால் போனேன். கிட்டே போனதும் எனக்கும் கேட்டது, சின்னக் கை தட்டுவதுபோல. அவள் தயங்கவில்லை. துருவேறிய தாழ்ப்பாளைக் கல்லால் அடித்து விலக்கினாள். கதவு தானாகத் திறந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே வெள்ளை உப்பு, அதே வெயில்.

"வாப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. வீடு வரும்வரை, சின்னப் பிள்ளையைக் கூட்டிவருவதுபோல, ஒரு கையைப் பின்னால் நீட்டியபடியே அவள் நடந்தாள்.

உன் போட்டோ இப்போது அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வாசல் கதவை அவள் தாழிடுவதில்லை. அடுத்த வாரம் அங்கேயே உட்கார்ந்து, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதுவேன். வரி நேராக வரும், பார்.

உன் கூடப்பிறந்த அண்ணன்,
முனுசாமி