சபாயி என்று ஒரு பெயர்

டெலானிபூர், போர்ட்பிளேர்
12-8-1973

அன்பு மகள் சுசீலாவுக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இங்கே நலமில்லை, உன்னையாவது முருகன் நன்றாக வைத்திருக்கட்டும். அப்பா சாத்தம் தீவு மரமில்லில் வேலை முடிந்து வந்ததும் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், திட்டு தன் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம்.

உன் அக்கா சந்திரமதிக்கு உதிரப்போக்கு இன்னும் நிற்கவில்லை. முதலில் கர்ப்பப்பை வாயில் தடவி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். வாயில் தடவினால் உள்ளே இருக்கும் கட்டி தெரியாது, இது அபூர்வமான கட்டியாகவும் இருக்கலாம், உள்ளிருந்து சுரண்டி எடுத்து மருந்துப் பாட்டிலில் போட்டு மெட்ராஸில் உன் லேபுக்கு அனுப்பச் சொல் என்று நீதான் எழுதினாய். அதன்படி போன மாதம் இங்கே ஆஸ்பத்திரியில் சுரண்டினார்கள். இந்த ஊரில் அதற்கு என்ன பெயர் தெரியுமா, சபாயி, இந்தியில் சுத்தம் செய்வது என்று அர்த்தம். வங்காளி, தெலுங்கர், நம்மவர் எல்லாருக்கும் அது சபாயிதான். நான் கஞ்சி எடுத்துவர வீட்டுக்கு வந்த நேரம், ஆயா கிண்ணத்தோடு வெளியே வந்து, சபாயி ஆகிவிட்டது, கொட்டிவிடவா என்று இந்தியில் கேட்டிருக்கிறாள். நம் மாப்பிள்ளை குழந்தைவேலு, பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டே, கொட்டு என்று சொல்லியிருக்கிறார். கேட்டால், "சபாயின்னாங்க, அழுக்குன்னு நெனச்சேன் அத்தை, துண்டு தனியா வரும்னு இருந்தேன்" என்கிறார். மாப்பிள்ளை ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் பட்ட வலியெல்லாம் சாக்கடைக்குப் போயிற்று.

உன் மேலும் கோபம்தான். பாட்டில் வரவில்லையே, இவ்வளவு அலட்சியமா என்று எழுதியிருக்கிறாய். பாதிக் கடிதத்துக்கு மேல் நீங்கள் புதிதாகப் பரீட்சை பார்க்கும் மெல்லிய குழாயைப் பற்றி, மயக்கம் கொடுக்காமலே உள்ளிருந்து உறிஞ்சி எடுக்கலாமாம், நல்லது, செய்யுங்கள். அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி உண்டா? குழாயைத் திருத்துகிறவர்கள் முதலில் அந்தப் பெயரைத் திருத்துங்கள். பரிசோதனைக்கு எடுப்பதைப் போய்ச் சுத்தம் செய்வது என்று சொன்னால் கொட்டத்தான் செய்வார்கள்.

இனி யாரையும் நம்புவதாக இல்லை, அடுத்த கப்பலில் அவளை நானே கூட்டி வருகிறேன். மறுபடியும் சுரண்டுவார்களா என்று கேட்டு அழுதாள். எந்த முறையில் எடுத்தாலும் நீ பக்கத்தில் நின்று உன் கையால் வாங்கு. அவளுக்குப் பயமாக இருக்கிறது, எனக்கும்தான். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. ஒரு குறையும் இல்லாமல் அக்காளும் தங்கையும் நூறு வயது இருக்க வேண்டும்.

மறக்காமல் துறைமுகத்துக்கு வந்துவிடு. நாங்கள் கிளம்பிய பிறகு வீட்டைச் சபாயி செய்கிறேன் என்று மாப்பிள்ளை நல்ல பிள்ளையாகச் சொன்னார். விளக்குமாற்றைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஊருக்குப் போகிறவள் பின்னால் வீட்டைக் கூட்டக்கூடாது, குப்பையாகவே கிடக்கட்டும், என் மகள் திரும்பி வந்து கூட்டுவாள்.

இப்படிக்கு,
கோபத்தோடும் ஆசியோடும் உன் அம்மா
நீலாவதி