யார் எழுதிய நாற்பது வரி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மருமகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

கோப்புகளைச் சுருக்கும் உன் மென்பொருள் பற்றிச் செய்தித்தாளில் பார்த்தேன். ‘முழுக்க என் சொந்தச் சிந்தனை’ என்று சொல்லியிருக்கிறாய். இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி நீ போட்டிருக்கும் நிரலைப் பெருமையோடு திறந்தேன். நீளத்துக்கான ஆங்கிலச் சொல்லில் கடைசி இரண்டு எழுத்தை மாற்றிப் போடுவது என் பழைய கெட்ட பழக்கம் அல்லவா? உன் நிரலில் அது பதினோரு இடத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளைத் தேடும் அந்த நாற்பது வரி, நான் வேலையில் இருந்தபோது எழுதியது. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் அக்கா

மார்ச் 9

அன்பு அக்கா,

நீ கொடுத்த பழைய கணினியில் அது இருந்தது. மாற்றிவிடலாம், மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். தொட்டால் வேகம் பாதியாகிவிடுகிறது. இந்த மென்பொருளை ஒரு பரிசுக்கான பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்; வெள்ளிக்கிழமை பரிசுக் குழு முன்னால் நிற்க வேண்டும். இப்போது சொன்னால் மானம் போய்விடும். உலகத்தில் யார்தான் எடுக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

தம்பி

மார்ச் 14

அக்கா,

சொல்லிவிட்டேன். “இதோட உயிரே எங்க அக்கா எழுதினதுதான்” என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, “இதை முதல்லயே சொல்லியிருக்கணும்ப்பா” என்றார். பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நிறுத்தத்தில் மூன்று பேருந்தை விட்டுவிட்டு நின்றேன். மென்பொருளின் முதல் பக்கத்தில் உன் பெயரைப் போட்டாயிற்று. இனியாவது சாப்பிடு.

தம்பி

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. என் பெயரை எடுத்துவிடு.

அந்த நாற்பது வரியைத் தட்டியது நான். யோசித்தது என் பக்கத்து மேசைத் தோழி. ஒரு மதியம் காகிதத்தில் போட்டுக் காட்டினாள். அவள் வேலை மாறிப் போனதும் என் பெயரில் ஒப்படைத்தேன். அந்த வருடப் பதவி உயர்வு அதற்குத்தான் கிடைத்தது. நாளடைவில் என்னுடையது என்றே நம்பிவிட்டேன் என்று எழுத வந்தேன், அதுவும் பொய். உன்மேல் கோபப்பட்டபோதே அவள் முகம் வந்து நின்றது.

அவளுக்கும் இன்று எழுதிப் போட்டேன். பழைய முகவரி; போய்ச் சேருமோ என்னவோ. அவள் பதில் வரும்வரை அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

உன் பரிசு என்னால்தான் போயிற்று. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு.

அக்கா