கதவைத் திறந்தவள் என்ன சொன்னாள்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

சலவை ஆலையில் ஓய்வு நேரத்தில் ஒரு கதை எழுதினேன். பல வருடம் கழித்து வீடு திரும்பும் கணவனுக்குக் கதவைத் திறக்கும் மனைவி, "உங்கள் பிரிவு என்னை வாட்டியது" என்கிறாள். என் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எந்தப் பொண்டாட்டிய்யா இப்படிப் பேசுவா? உங்க வீட்ல என்ன சொல்லுவாங்களோ, அதை எழுதுங்க."

யோசித்துப் பார்த்தேன். இந்த வெளிநாட்டுக்கு வந்த ஏழு வருடமாகப் போனில் கேட்ட "ம்", "சரி", "வச்சிடட்டுமா" தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

தைலம் இரண்டு புட்டி அனுப்பு. கூடவே, கோபம் வந்தால் என்னை எப்படித் திட்டுவாய் என்று ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். கதையில் அவள் கதவைத் திறந்துவிட்டு வாய் திறக்காமல் நிற்கிறாள்.

உன் வீட்டுக்காரன்