படுத்திருந்த பிறை

அம்மாவுக்கு மகளின் வணக்கம். நான் சௌக்கியம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணி மறக்காமல் சொட்டு மருந்து விடுகிறார்களா? தலைக்குக் குளித்துத் தொலைக்காதே.

வேலையில் குறையில்லை. சாயங்கால வகுப்பில் இந்தக் குளிர் தேசத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வானியல் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறேன். கம்ப்யூட்டரில் ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் அந்த ஊர் வானம் அப்படியே திரையில் விரியும். நேற்று ஒரு கூத்து. திரையில் பிறை படகு மாதிரி மல்லாந்து கிடந்தது. ஜன்னலோரம் இருந்த பெண், "மிஸ், வெளியில நிலா நிமிர்ந்துல்ல நிக்குது! இது எந்த ஊரு நிலா?" என்றாள். வகுப்பே சிரித்தது. வகுப்புக்கு முன்னால் தினமும் நம் மொட்டைமாடி வானத்தைப் போட்டுப் பார்ப்பேன். நேற்று அதை இந்த ஊருக்கு மாற்ற மறந்துவிட்டேன். நம் ஊரில் படுத்துக் கிடக்கும் பிறை, வடக்கே இவ்வளவு தூரம் வந்தால் நிமிர்ந்துதான் நிற்கும். "எங்க அம்மா வீட்டு நிலா" என்று சொல்லி நானும் சிரித்துச் சமாளித்தேன்.

ஒரு வேலை செய். அடுத்த பிறையன்று அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போ. நிலா இரண்டிரண்டாகத் தெரிகிறது என்பாயே, இப்போது ஒன்றுதானா என்று பார்த்து அண்ணியை எழுதச் சொல். அதை மட்டும் இந்தக் கம்ப்யூட்டர் எனக்குக் காட்டமாட்டேன் என்கிறது.

பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்கிறது. நம் வீட்டு வானத்தை மூடிவிட்டுப் போகிறேன்.

உன் மகள்