கட்டில் உயரத்திலிருந்து தெரிந்த மலை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன், படி ஏறும்போது மட்டும் முழங்கால் கொஞ்சம் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கைப்படக் கடிதம் வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போன வாரம் உன் மாமா வந்து மேல்தொட்டிக் குழாயைச் சரிபண்ணிக் கொடுத்தார். சரிபண்ணிய பிறகு முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது, அவர் மனசு நோகுமே என்று சொல்லவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வந்தது வராது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கடிதத்தை முழுதும் படித்துவிட்டு அதைப் பிரி.

அம்மா போன அடுத்த மாதம், "கடைசியா அம்மா ஜன்னல் வழியா என்னப்பா பாத்தாங்க, அதை வரைஞ்சு அனுப்புங்க" என்று கேட்டாய். நானும் சரி என்றேன். ஓய்வு பெற்ற பிறகு வாட்டர் கலர் பழகி மூன்று வருடமாகிறது, ஒரு மலையை வரைவது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். வரைபட அலுவலகத்தில் முப்பது வருடம் கோடு போட்ட கை, போட்ட கோடு போட்ட இடத்தில்தான் இருக்கும் என்று பழகிவிட்டது. இந்தத் தண்ணீர் அப்படி இல்லை, தன் இஷ்டத்துக்கு ஓடும். அதோடு இருபத்துநான்கு வர்ணப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டதில் மலை சேறாகிவிட்டது. தாள் வாங்கப் போனபோது, கையோடு கொண்டுபோன படத்தைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "சார், எல்லாக் கலரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டா யாரு பேசுறதுன்னே தெரியாது, மூணு போதும்" என்றார். மூன்றை வைத்தும் போட்டுப் பார்த்தேன். மொத்தம் பதினோரு படம். கடைசி இரண்டு நன்றாகவே வந்தன, பச்சை மலை, கீழே சாலை, வெயில். ஆனால் பொய். அந்த ஆஸ்பத்திரி அறையில் பத்தொன்பது நாள் இருந்தேன் பாப்பா, ஒருநாள்கூட நான் ஜன்னலைப் பார்த்ததில்லை. பாட்டிலிலிருந்து மருந்து சொட்டுவதையும் அம்மாவின் மூச்சு ஏறி இறங்குவதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு மலை இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாமல் எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது?

இந்த இடத்தில் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உன்னிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன். இல்லை. அன்று மத்தியானத்துக்கு மேல் அவள் மூச்சுச் சத்தம் மாறியது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். டீ குடித்து முடித்த பிறகும் மேலே போகவில்லை. காலித் தம்ளரை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. திரும்பிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே நர்ஸ், என்னை அடையாளம் கண்டுகொண்டார். வந்த விஷயத்தைச் சொன்னதும், ஒரு நோயாளி வீட்டுக்குப் போய் அறை காலியாகத்தான் இருக்கிறது, அடுத்தவர் வர அரைமணி ஆகும் என்று திறந்துவிட்டார். நான் ஜன்னலோரம் நின்று மலை, சாலை, வண்டி நிறுத்துமிடம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன். போர்வை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ், "ஐயா, நின்னு பாத்தா அதெல்லாம் தெரியும். அம்மா படுத்துல்ல இருந்தாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் படுத்தேன். சாலை இல்லை, வண்டி இல்லை. மலையின் மேல்பாதி மட்டும், மிச்சமெல்லாம் வானம்.

எழுந்திருக்க மனமில்லாமல் படுத்தபடியே, அன்றைக்கு அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். "நீங்க போனதும் கண்ணு முழிச்சாங்க. திரையை விலக்கச் சொன்னாங்க. வெளிய மழை கட்டிக்கிட்டு நின்னுச்சு. ரொம்ப நேரம் பாத்துட்டு, அந்த மலை நீலமா சாம்பலா, எங்க வீட்டுக்காரர் இருந்தா இதுக்கே அரைநாள் யோசிப்பார்னு சிரிச்சாங்க. அவரைக் கூப்பிடட்டுமாம்மான்னு கேட்டேன். வேணாம், பயந்து போயிருக்கார் பாவம், கொஞ்சம் வெளிய இருக்கட்டும்னாங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டாங்க" என்றார். கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நர்ஸ் பிள்ளை கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டது.

வீட்டுக்கு வந்து அன்றே வரைந்தேன். அடர்நீலம், செம்பழுப்பு, ஒரு துளி காவிமஞ்சள், அவ்வளவுதான். பென்சில் கோடு போடவில்லை. தாளை நன்றாக நனைத்து நீலத்தையும் செம்பழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டேன். இரண்டும் தாமாகக் கலந்து ஓர் இடத்தில் நீலமாகவும் ஓர் இடத்தில் சாம்பலாகவும் நின்றன. அவள் கேட்டதற்கு என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். காய்ந்ததும் இன்னும் வெளிறிப் போனது. மறுபடி தொடவில்லை.

நீ இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்ததை நினைத்து இன்னும் உன்னையே நொந்துகொள்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். ஒரு மாடிக்குக் கீழே இருந்த நானே பக்கத்தில் இல்லை பாப்பா, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த நீ எதற்கு அந்தப் பாரத்தைச் சுமக்கிறாய்? இறக்கி வை. என்மேல் கோபம் வந்தால் தாராளமாகக் கோபித்துக்கொள், திட்டி எழுது, ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். குழந்தைக்கு என் முத்தங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, படத்தை வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் போய்விடும். கண்ணாடி போட்டு, உன் கட்டிலுக்கு எதிரே, படுத்தால் தெரிகிற உயரத்தில் மாட்டு. நின்று பார்க்கிறவர்கள் என்ன பாதி மலை என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா